சொந்த வீடு இருக்கிறது, கையில் வருமானம் இல்லை: அரசின் உதவித்தொகைக்குத் தகுதி உண்டா?

வடசென்னைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அத்தையின் நிலையை முன்வைத்து ஒரு பொதுக் கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். விதிகளை அறிந்தவர்களும், என் கருத்துக்கு மாறான கருத்து உடையவர்களும் தயங்காமல் எழுத வேண்டும்.

அத்தைக்கு இப்போது வயது 68. வடசென்னையில் ஒரு குறுகிய சந்தில், அவருடைய மாமனார் வாங்கிய வீட்டில் தனியாக இருக்கிறார். லேத் பட்டறையில் வேலை பார்த்துவந்த மாமா 2016இல் காலமானார். அந்தப் பட்டறையில் வருங்கால வைப்பு நிதியோ ஓய்வூதியமோ கிடையாது. ஒரே மகள் ஆவடியில் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வாடகை வீட்டில் குடியிருக்கிறாள். பண்டிகைக்கு ஒரு புடவை எடுத்துத் தரவும், உடம்புக்கு முடியாதபோது வந்து இரண்டு நாள் பார்த்துக்கொள்ளவும் அவளால் முடிகிறது. மாதாமாதம் பணம் கொடுக்கும் நிலையில் அவள் இல்லை. பூக்காரர் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும் உதிரி மல்லிகையைச் சரமாகத் தொடுத்துக் கொடுப்பதுதான் அத்தையின் பிழைப்பு. முகூர்த்த நாள்களில் 200 ரூபாய் வரை கூலி கிடைக்கும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்துவிட்டால் ஒரு வாரம் முழுவதற்கும் அவ்வளவுதான் தேறும்.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சிக்கலே அதில்தான் இருக்கிறது. சுமார் 450 சதுர அடி இடம். மரக்கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை. கட்டைகளில் இரண்டைச் செல் அரித்துவிட்டது. சென்ற ஐப்பசி மழையில் ஓரிரவு நான் போயிருந்தபோது, அரிசி டப்பாவையும் துணிமணிகளையும் கட்டிலின்மேல் ஏற்றி பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, ஒழுகும் மூன்று இடங்களிலும் அண்டாவையும் குடத்தையும் அன்னக்கூடையையும் வைத்துவிட்டு, விடிந்ததும் கொடுக்க வேண்டிய பூவை நிலைப்படியில் உட்கார்ந்து தெருவிளக்கு வெளிச்சத்தில் தொடுத்துக்கொண்டிருந்தார். கூரையைப் பிரித்துப் போட 4 லட்சம் ரூபாய் ஆகும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். வருமானம் எதுவும் தராத இந்த வீட்டுக்குச் செலவு மட்டும் நிற்பதே இல்லை. மாநகராட்சி 2022இல் சொத்து வரியைச் சீரமைத்தபோது, பழைய சென்னைப் பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கும் 50 விழுக்காடு கூடியது. அரையாண்டுக்கு ஒருமுறை அந்த வரியும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகையும் தவறாமல் வந்து நிற்கின்றன.

2019இல் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். விசாரிக்க வந்தவர் வாசலில் நின்றபடியே, "வீடு யாருடையதம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்களுடையதுதாங்க" என்று அத்தை உள்ளதைச் சொன்னார். சொந்த வீடு இருப்பதால் ஆதரவற்றவர் என்னும் வரையறைக்குள் வரமாட்டார் என்று விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. பிறகு 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பித்தோம். அதே அத்தை, அதே வீடு, அதே வருமானம். இம்முறை எந்தத் தடையும் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருக்கிறது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளை, அதிலும் ஊரடங்கில் கோயில்களும் பூக்கடைகளும் மூடிக்கிடந்த மாதங்களை, ரேஷன் அரிசியையும் பக்கத்து வீட்டாரின் கைமாற்றையும் கொண்டு அவர் கடத்தினார்.

ஆகவே என் கேள்வி இதுதான். குடியிருக்கும் வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத, வருமானம் மிகக் குறைந்த ஒருவரை "சொத்து உடையவர்" என்று சொல்லி உதவியிலிருந்து விலக்குவது முறையா? "இன்றைய விலைக்கு அரைக் கோடி பெறும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் ரூபாய்க்கு மனுக் கொடுப்பதா?" என்று உறவினர் ஒருவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதா? மற்றொரு விவரம்: வீட்டின் பத்திரமும் வரி ரசீதும் இன்றுவரை மாமனார் பெயரிலேயே உள்ளன. மாமனாரும் மாமியாரும் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மாமாவுக்கு ஓசூரில் ஒரு தம்பியும் கொடுங்கையூரில் ஒரு தங்கையும் இருக்கிறார்கள்.


ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர் எழுதியது:

வணக்கம். இத்தகைய விண்ணப்பங்களைப் பல ஆண்டுகள் கையாண்டவன் என்ற முறையில், அந்த ஒற்றைக் கேள்வி ஏன் கேட்கப்படுகிறது என்பதை முதலில் விளக்குகிறேன்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15 முதல் ஒன்றிய அரசின் பங்கும் சேர்ந்தது. இன்று 1,200 ரூபாய் தருகிறோம் என்றாலும், அதில் 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒன்றிய அரசு கொடுப்பது 200 ரூபாய் மட்டுமே; மற்றதெல்லாம் மாநில அரசின் பணம். தொடக்கத்திலிருந்தே இது "ஆதரவற்றவர்"களுக்கான திட்டம். அந்தச் சொல்லுக்கு அளவுகோல் வேண்டும் என்பதற்காகச் சொத்து மதிப்புக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அது 50,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1 லட்சமாக உயர்த்தப்பட்டது.

இந்த 1 லட்சம் என்பது சென்னை மாநகருக்குள் என்ன பொருள்படும் என்று எண்ணிப் பாருங்கள். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 34 சதுர அடியிலேயே வரம்பு தாண்டிவிடுகிறது. ஓர் இரட்டைக் கட்டில் போடும் இடம் அவ்வளவுதான். ஒரு கிராமத்தில் இரண்டு அறையுள்ள ஓட்டு வீடு வைத்திருப்பவர் இந்த விதிக்குள் தகுதி பெறலாம். வடசென்னைச் சந்தில் ஒழுகும் கூரையின்கீழ் இருப்பவர் பெற முடியாது. இருவருடைய பசியும் ஒன்றுதான். மண்ணின் விலை ஏறியதற்கு உங்கள் அத்தை எந்த விதத்திலும் காரணமல்லர். அந்த ஏற்றத்தில் ஒரு ரூபாயைக்கூட அவர் கையால் தொட்டதில்லை.

ஆனாலும் களத்தில் இருப்பவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வருமானம் கண்ணுக்குத் தெரியாது, வீடு தெரியும். பூக் கட்டுபவருக்கோ கட்டட வேலைக்குப் போகிறவருக்கோ சம்பளச் சீட்டு கிடையாது. ஆண்டு வருமானம் இவ்வளவு என்று அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டுதான் சான்றிதழே தருகிறோம். அப்படியிருக்கையில் பொய் சொல்பவரைப் பிரித்தறிய எங்களிடம் இருந்தது கண்ணால் பார்ப்பது ஒன்றே. நான் பணியில் இருந்தபோது ஒரு பெரியவர் கிழிந்த வேட்டியுடன் வந்து, வருமானமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நேரில் போனேன். அவர் இருந்த அறைக்குப் பின்னால் வரிசையாக ஆறு லைன் வீடுகள். சுவரில் ஆணியில் தொங்கிய நாட்காட்டியின் ஒவ்வொரு மாதத் தாளிலும் யார் வாடகை கொடுத்தார்கள், யார் பாக்கி என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தார். இப்படி ஒருவரைப் பார்த்துவிட்டால் அடுத்த பத்துப் பேரையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் உங்கள் அத்தையைப் போன்றவர்களின் மனுக்களில் நானும் எதிராகக் குறிப்பு எழுதியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெரியவரைத் தகுதியற்றவராக்கியது அவருடைய வாடகை வருமானம். அவர் தூங்கிய அறை அன்று. இந்த வேறுபாட்டை மகளிர் உரிமைத்தொகையின் விதிகள் ஓரளவு சரியாகவே பிடித்திருக்கின்றன. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் மிகக் கூடாது. வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. கார் இருக்கக் கூடாது. வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. குடியிருக்கும் வீடு சொந்தமா, வாடகையா என்று அது கேட்கவே இல்லை. ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதை மின் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு வந்த சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்களில் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்டவை ஏற்கப்பட்டன. எனவே வீட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால் வடிகட்டவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ரேஷன் அரிசிக்கும் மகளிர் கட்டணமில்லாப் பேருந்துக்கும் அந்தச் சோதனைகூட இல்லை. வயது முதிர்ந்து, உழைக்க முடியாமல் போனவருக்கான திட்டத்தில் மட்டும் கூரையைக் காட்டிக் கதவடைப்பது எனக்கும் சரியாகப் படவில்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு: ஒரே நேரத்தில் முதியோர் உதவித்தொகையையும் மகளிர் உரிமைத்தொகையையும் பெற இயலாது. இருப்பதை விட்டுவிட்டு 200 ரூபாய் கூடுதலுக்காக இப்போது மாற வேண்டாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் காலத்தில் இரண்டும் இல்லாமல் போகலாம்.


வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியது:

ஐயா எழுதியதை மதிக்கிறேன்; அந்த அம்மாவின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் வீடு கணக்கிலேயே வரக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்கூடத்தில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 13,500 ரூபாய். கணவர் இல்லை; பள்ளிக்குப் போகும் ஒரு மகனும் என்னுடைய அம்மாவும் என் பொறுப்பு. ஒற்றை அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டுக்கு வாடகை 6,000 ரூபாய். நகையை வைத்துக் கொடுத்த முன்பணம் 40,000 ரூபாய் தனி. வருமானச் சான்றிதழில் என் ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்று இருக்கும், அந்த அம்மாவினுடையது நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ என்று இருக்கும். தாளைப் பார்க்கிறவர் நான் மூன்று மடங்கு வசதியானவள் என்றுதான் நினைப்பார். ஆனால் ஒன்றாம் தேதி என் கையிலிருந்து போகும் 6,000 ரூபாயை அந்தச் சான்றிதழ் கழிப்பதில்லை. கொடுக்காமல் மிச்சமாகும் வாடகையும் ஒரு வகை வருமானம்தான். அது கையில் நோட்டாக வராவிட்டாலும், கையை விட்டுப் போகாமல் இருக்கிறது அல்லவா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசின் உதவிகள் பலவும் ஏற்கெனவே வீட்டு உரிமையாளர் வழியாகத்தான் இறங்குகின்றன. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் குடியிருக்கும் இடத்தில் மூன்று குடும்பத்துக்கும் ஒரே இணைப்பு. ஆளுக்கொரு சப் மீட்டர். உரிமையாளர் எங்களிடம் முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் வீதம் வாங்கிக்கொள்கிறார். அரசு கொடுத்த 100 யூனிட் எங்களுக்கு வந்து சேர்வதே இல்லை. கேட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்வார். முன்பணத்தில் வெள்ளையடிக்கப் பிடித்துக்கொண்டு மிச்சம்தான் கைக்கு வரும். மறுபடி வீடு மாறினால் பையனின் பள்ளியும் மாறும்.

எனவே என் கருத்து இது. சொந்த வீடு வைத்திருக்கும் ஏழைக்கு உதவி கொடுங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் அதே திட்டத்தில் வாடகை கொடுப்பவருக்கு வருமான வரம்பைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். அல்லது கொடுக்கும் வாடகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடுங்கள். வீடுள்ளவரையும் வீடில்லாதவரையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டு, வீட்டைப் பார்க்கவே மாட்டோம் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அது அநியாயமாகப் போகும்.


முன்னாள் வங்கி அலுவலர், மயிலாப்பூர், எழுதியது:

சகோதரியின் கருத்து முற்றிலும் சரியானது. அவர் கேட்பதைக் கிட்டத்தட்ட அப்படியே ஒரு நாடு செய்துவருகிறது. ஆஸ்திரேலியாவின் முதியோர் ஓய்வூதியத்தில் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் வங்கியிருப்பு போன்ற மற்றச் சொத்துகளுக்கான வரம்பு, வீடுள்ளவருக்கு ஒன்றாகவும் வீடில்லாதவருக்கு அதைவிட உயர்வாகவும் இருக்கிறது. வீட்டை விற்றுவிட்டு வா என்று யாரையும் துரத்துவதில்லை. அதே நேரத்தில் வீடு இருப்பது ஒரு வசதி என்பதையும் மறைப்பதில்லை.

எனினும், கேள்வி கேட்டவரின் உறவினர் சொன்னதை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். சென்னையில் விலைமதிப்புள்ள இடம் வைத்திருப்பவர், பிறருடைய வரிப்பணத்தைக் கேட்பதற்கு முன் தம்முடைய சொத்தைப் பயன்படுத்த வழி இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. அதற்காகவே 2007-08 வரவுசெலவுத் திட்டத்தில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் அறிவிக்கப்பட்டு, தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறைகளை வகுத்தது. 60 வயது நிறைந்தவர் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியில் ஈடு வைத்தால், வங்கி அவருக்கு மாதந்தோறும் பணம் கொடுக்கும். உயிரோடிருக்கும்வரை அவர் அதே வீட்டில் இருக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம்; இல்லாவிட்டால் வங்கி விற்று, தன் கடன் போக மிச்சத்தை அவர்களிடம் கொடுத்துவிடும். மாதாமாதம் கிடைக்கும் தொகைக்கு வருமான வரியும் இல்லை.

இத்தனை இருந்தும் நம் ஊரில் இது பரவவில்லை. என் பணிக்காலத்தில் விசாரிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது முறை வரவில்லை. முதல் முறை தனியாக வந்து படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன ஓர் அம்மா, மறுவாரம் மகனுடன் வந்து, அந்தப் படிவத்தை மேசையில் திரும்ப வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது கடமை என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை; ஆனால் அதற்கான செலவை அரசு ஏற்க வேண்டுமா என்பது கேட்கத் தக்க கேள்வி. ஆஸ்திரேலிய அரசே வீட்டை ஈடாகக் கொண்டு முதியவர்களுக்குக் கடன் தந்து, பின்னாளில் வீடு விற்கும்போது வசூலித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் வைத்திருக்கிறது. நம் அரசும் மறுப்பதற்குப் பதிலாக, உதவித்தொகையைக் கொடுத்துவிட்டு, வீடு கைமாறும் நாளில் கொடுத்ததைக் கழித்துக்கொள்ளலாம்.


உயர் நீதிமன்றத்தில் வழக்காடும் ஒருவர் எழுதியது:

முன்னவர் சொன்ன வழி நல்ல வழிதான். ஆனால் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. பத்திரம் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது என்ற ஒரு வரியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அது மாமனார் தாமே வாங்கிய சொத்து, அவர் உயில் எழுதவில்லை என்று கொள்வோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவரும் அவர் மனைவியும் இறந்தபின் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. மாமாவுக்குரியது மூன்றில் ஒன்று. மாமா இறந்தபோது அந்தப் பங்கு அத்தைக்கும் மகளுக்கும் சமமாகப் பிரிகிறது. ஆக, அத்தையின் சொந்தச் சொத்து ஆறில் ஒரு பங்கு. 450 சதுர அடியில் 75 சதுர அடி. மீதி 375 சதுர அடி ஓசூரிலும் கொடுங்கையூரிலும் ஆவடியிலும் இருப்பவர்களுடையது. "வீடு யாருடையது?" என்ற கேள்விக்கு "எங்களுடையது" என்று அவர் சொன்னது உண்மை, ஆனால் விசாரித்தவர் அதை "என்னுடையது" என்று எழுதிக்கொண்டார். இந்த 75 சதுர அடியை அவரால் விற்கவும் முடியாது, வங்கியில் வைக்கவும் முடியாது. வில்லங்கமில்லாத தனி உரிமை இல்லாமல் எந்த வங்கியும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் தராது. சென்னையின் பழைய பகுதிகளில் விதவைகள் இருக்கும் வீடுகளில் கணிசமானவற்றுக்கு இதே நிலைதான். அவர்களை வீட்டு உரிமையாளர் என்று ஊரே சொல்லும்; ஆவணம் சொல்லாது. பலருக்கு அடிமனையே கோயிலுடையதாகவும் இருக்கும்.

ஆனால் இதை வைத்து மட்டும் பழைய விண்ணப்பத்தில் வென்றுவிடலாம் என்று நம்பிக்கை ஊட்டமாட்டேன். வருவாய்த் துறை ஐயா சொன்ன 3,000 ரூபாய்க் கணக்கில் 75 சதுர அடியே இரண்டேகால் லட்சம் ஆகிறது. வரம்பு 1 லட்சமாக இருக்கும்வரை அதுவும் மிகுதிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இப்படிப்பட்ட நேரத்தில், "உங்கள் பங்கை மகள் பெயருக்கு எழுதிவிடுங்கள், அப்புறம் உங்களிடம் சொத்தே இல்லை என்று காட்டலாம்" என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மகள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் அதைச் செய்ய வேண்டாம். செட்டில்மென்ட் பத்திரம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இல்லாமல் அன்பின் பெயரால் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் வாசலில் நிற்பவர்களின் வழக்குகளைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். சொத்து வரம்பு வைத்த விதி ஒரு முதியவரைத் தன் கடைசிப் பிடிமானத்தையும் கைவிடத் தூண்டுகிறது என்றால், அந்த விதியைத் திருத்த அது ஒன்றே போதிய காரணம்.


தாம்பரத்திலிருந்து ஒருவர் எழுதியது:

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். நம் நாட்டில் சொத்து ஒரு திட்டத்தில் தடையாக இருக்கிறது, இன்னொரு திட்டத்தில் நுழைவுச் சீட்டாக இருக்கிறது. எங்கள் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 2019இல் வந்த பிரதமரின் விவசாயி உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய். நிலம் தன் பெயரில் இருந்தால்தான் கிடைக்கும். எங்கள் ஊரில் குத்தகைக்குப் பயிரிட்டுச் சேற்றில் இறங்குகிறவருக்கு அது இல்லை. பட்டா வைத்திருப்பவர் சென்னையில் குடியிருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலோ, 8 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த வருமானம் இருந்தாலும், 1,000 சதுர அடி வீடு இருந்துவிட்டால் தகுதி போய்விடும். அந்த வீட்டு அளவுகோலால் உண்மை நிலையை அறிய முடியாது, கைவிடலாம் என்று ஒன்றிய அரசு அமைத்த குழுவே 2021 இறுதியில் பரிந்துரைத்தது. எட்டு லட்சம் சம்பாதிப்பவர்களின் வீட்டைப் பற்றியே இவ்வளவு யோசிக்கிறவர்கள், பூக் கட்டும் அம்மாவின் வீட்டைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம்.


வடசென்னைவாசி மீண்டும் எழுதியது:

எழுதிய ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. 75 சதுர அடி என்ற கணக்கைப் படித்ததும் எழுந்துபோய் அத்தையிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, கட்டில் கிடக்கும் மூலையிலிருந்து அடுப்பு வரை விரலால் காட்டி, "அப்படியென்றால் இதுவரைக்கும்தான் என்னுடையதா?" என்று கேட்டார்.

வியாசர்பாடிச் சகோதரிக்கு: உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை வாடகை என்ற கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அத்தையின் மகளும் உங்களைப் போலத்தான் ஒன்றாம் தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் சப் மீட்டர்தான். குடியிருக்கும் ஒரு சிறிய வீட்டை அறவே கணக்கிலிருந்து விட்டுவிட்டு, வாடகை தருபவருக்கு வரம்பை உயர்த்தி, வாடகை வாங்குபவருக்கு அந்த வாடகையை வருமானமாகச் சேர்த்துக் கணக்கிட்டால், அத்தைக்கும் உங்களுக்கும் நியாயமாக இருக்கும், லைன் வீட்டுப் பெரியவரும் உள்ளே வரமுடியாது. வங்கி ஐயா சொன்ன, பின்னாளில் கழித்துக்கொள்ளும் யோசனையையும் அத்தையிடம் கேட்டேன். கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும், ஆனால் மழைக்கு முன்னால் கூரைக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

இப்போதைக்கு உரிமைத்தொகையை விடப் போவதில்லை. மாமனார், மாமா இருவருக்கும் வாரிசுச் சான்றிதழ் பெற இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாமாவின் தங்கையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கொடுங்கையூர் போகிறேன். மூலப் பத்திரம் அவரிடம்தான் இருக்கிறதாம். ஓசூரில் இருப்பவரிடமும் தொலைபேசியில் பேசிவிட்டேன், அத்தை இருக்கும்வரை வீட்டை விற்கக் கேட்கமாட்டோம் என்று வாயால் சொல்லியிருக்கிறார். அதை எழுத்தில் எப்படி வாங்குவது என்பதை மட்டும் வழக்கறிஞர் ஐயா இங்கேயே தெரிவித்தால் உதவியாக இருக்கும்.